மீட்டரை விட்டுவிட்டு டயரைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" விற்கிறவர் ஒரு எண்ணைச் சொல்வார், மீட்டரும் அதையே காட்டும், நாமும் தலையாட்டிவிட்டு விலை பேச ஆரம்பித்துவிடுவோம். அந்த மீட்டரையே மாற்றிக் குறைத்துக் காட்ட முடியும் என்பது நினைவுக்கு வராது.

பிரிட்டனில் மூன்று வயது தாண்டிய பைக்கை வருஷா வருஷம் சோதனைக்குக் கொண்டுபோயாக வேண்டும், அதற்கு எம்ஓடி என்று பெயர். வண்டி நம்பரைத் தட்டினால் எந்த வருஷம் பாஸ், எதனால் ஃபெயில், அன்றைக்கு மீட்டரில் எவ்வளவு இருந்தது எல்லாமே அரசாங்கத் தளத்தில் இலவசமாக வந்துவிடும். நம்மூரில் சொந்த உபயோக பைக்குக்கு அப்படி ஒன்றும் இல்லை. பதிவு ஒரேயடியாக 15 வருஷத்துக்கு. அது முடிந்து அடுத்த ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கும்போதுதான் ஆர்டிஓ ஆபீசில் வண்டியை நிறுத்திக் காட்ட வேண்டும். நடுவில் புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். அது புகையை மட்டும்தான் பார்க்கும், பிரேக் பிடிக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

அதனால் தேதிகளை நாமேதான் அங்கங்கே பொறுக்கிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் எம்-பரிவாகன் என்ற அரசாங்கச் செயலியில் வண்டி நம்பரைப் போடுங்கள். பதிவான தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் எதுவரை, கடன் பாக்கி காட்டுகிறதா என்று வரும். "சிங்கிள் ஓனர் சார்" என்று புரோக்கர் சத்தியம் பண்ணுகிற வண்டி அங்கே மூன்றாவது ஓனர் பெயரில் இருந்தால், மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

இன்சூரன்ஸ் பேப்பரைக் கையில் வாங்கினால் பலர் முடியும் தேதியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதில் என்சிபி என்று ஒரு சதவீதம் இருக்கும், க்ளெய்ம் எடுக்காதவருக்குத் தருகிற தள்ளுபடி. முதல் வருஷம் 20 சதவீதத்தில் ஆரம்பித்து 50 வரை ஏறும். ஃபுல் இன்சூரன்ஸ் போட்ட ஆறு வயசு வண்டியில் அது பூஜ்யமாக இருந்தால் க்ளெய்ம் போயிருக்கலாம், ஓனர் மாறியிருக்கலாம், நடுவில் பாலிசி விட்டுப்போயிருக்கலாம். எதுவென்று கேளுங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்ட வண்டியில் இந்த வரியே இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சர்வீஸ் புக் தொலைந்துவிட்டது என்றால் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓனரையே கூட்டிக்கொண்டு அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் பழைய ஜாப் கார்டு, அதாவது ஒவ்வொரு சர்வீஸுக்கும் அவர்கள் போடுகிற பதிவு, அதன் விவரத்தைக் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருப்பார்கள். ஃப்ரீ சர்வீஸ் முடிந்ததும் நம் ஆட்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் போய்விடுவார்கள், சரி, ஆனாலும் 2021-இல் 19,000 என்று ஒரே ஒரு பதிவு இருந்து, இன்றைக்கு மீட்டர் 16,000 காட்டினால் போதாதா?

அப்புறம் டயர். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் தயாரானது. 2019 வண்டி, மீட்டரில் 12,000, ஆனால் பின் டயர் 2022, அதுவும் பாதி தேய்ந்து நிற்கிறது என்றால், அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் பழைய டயர் எங்கே போனது? பஞ்சராகி மாற்றியிருக்கலாம்தான். ஆனால் கால் வைக்கிற ரப்பரும் கியர் லிவரும் சேர்ந்து வழவழவென்று தேய்ந்திருந்தால், மீட்டரை மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

சென்னை வண்டி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் எத்தனையோ பைக் தண்ணீரில் நின்றது. வாட்டர் வாஷ் அடித்து, பாலிஷ் போட்டு விற்கிற வண்டியில்கூட சீட்டைக் கழற்றினால் ஒயர் கட்டுக்குள் காய்ந்த சேறு இருக்கும், மீட்டர் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படிந்திருக்கும். எந்தச் செயலியும் இதைக் காட்டாது.

ஹேண்டிலைத் திருப்பி, கழுத்துப் பகுதியில் அடித்திருக்கும் சேஸ் நம்பரை ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் மட்டும் ராவின தடமோ புதுப் பெயின்டோ தெரிந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். கடன் கட்டி முடித்தாயிற்று என்று சொல்லி ஆர்சியில் பைனான்ஸ் பெயர் இன்னும் நிற்கிற வண்டிக்கு, கடன் கொடுத்தவர் தருகிற ஆட்சேபணையில்லாச் சான்றான என்ஓசியும், ஆர்சியிலிருந்து அந்தப் பெயரை நீக்குவதற்கான படிவம் 35-உம் கையில் வரும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கியதும் அலமாரியில் வைத்துவிடாமல் 30 நாளைக்குள் ஆர்டிஓ ஆபீசில் கொடுத்துவிடுங்கள், அதற்கு முன்னால் பழைய டிராஃபிக் அபராதம் ஏதாவது பாக்கி இருந்தால் விற்றவரையே கட்டச் சொல்லுங்கள்.