மாற்று குவாட்டர்பேக்கை மடக்கி வைத்து விற்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம். இன்று அமெரிக்கக் கால்பந்து பற்றிப் பேசப் போகிறேன். பெயர்தான் கால்பந்து, முக்கால்வாசி நேரம் பந்து கையில்தான் இருக்கும். அந்தப் பந்தை யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். அணியிலேயே அதிகச் சம்பளம் பெரும்பாலும் அவருக்குத்தான். அவருக்கு அடிபட்டால் இறங்குவதற்கு ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். நம் பேச்சு அந்த ஓரத்து ஆளைப் பற்றியது.

2012 ஜனவரி 1. கிரீன் பே பேக்கர்ஸ் அணி ஆடிய 15 ஆட்டங்களில் 14-ஐ ஜெயித்து, முதலிடத்தையும் உறுதி செய்துவிட்டது. கடைசி ஆட்டத்தில் அணியின் முதல் குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸுக்கு ஓய்வு. டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிராக, ஓரத்தில் இருந்த மேட் ஃப்ளின் இறங்கினார். கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2008 டிராஃப்டில் ஏழாவது சுற்றில், அதாவது கடைசிச் சுற்றில், எடுக்கப்பட்டவர் ஃப்ளின். அன்று அவர் எறிந்தது 480 யார்டு, 6 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது). அந்த அணியின் பழம்பெரும் ஆட்டக்காரர்கள் யாரும் அதுவரை ஒரே ஆட்டத்தில் செய்யாதது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் சொச்சம் இருக்கும்போது ஆறாவது டச்டவுன். 45-41 என்று வெற்றி.

அவருடைய ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறது என்பதுதான் சிக்கல். உடனே ஒரு யோசனை கிளம்பியது: ஃப்ளினுக்கு 'பிரான்சைஸ் டேக்' போடு, வேறு அணிக்கு விற்றுவிடு, பதிலுக்கு டிராஃப்டில் ஆளைத் தேர்ந்தெடுக்க நல்ல இடத்தை வாங்கிக்கொள்.

டேக் என்பது இதுதான். ஒப்பந்தம் முடிந்த ஒருவரை, வெளியே போகவிடாமல், இன்னும் ஓராண்டுக்கு அணி பிடித்து வைத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒருவரைத்தான் அப்படி மடக்க முடியும். ஆனால் அவர் விளையாடும் இடத்துக்கு உச்சத்தில் என்ன சம்பளமோ, கிட்டத்தட்ட அதைக் கொடுக்க வேண்டும். 2012-இல் குவாட்டர்பேக்குக்கு அது சுமார் 1.44 கோடி டாலர். ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்கக்கூடிய சம்பள வரம்பே 12.06 கோடிதான்.

விற்கச் சொன்னவர்களிடம் ஒரு முன்னுதாரணம் தயாராக இருந்தது. 2008-இல் நியூ இங்கிலாந்து அணியின் முதல் குவாட்டர்பேக் டாம் பிரேடிக்கு முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது. கல்லூரியில்கூட குவாட்டர்பேக்காக ஓர் ஆட்டத்தையும் தொடங்காத மேட் காசல் உள்ளே வந்து, அணி 11 ஆட்டங்களை வென்றது. அடுத்த பிப்ரவரியில் அவருக்கு டேக் போட்டார்கள். மாதம் முடிவதற்குள் கான்சாஸ் சிட்டிக்கு விற்றார்கள்.

சரி, அந்தக் கணக்கைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பிரேடியின் கால் எப்போது சரியாகும் என்று அப்போது தெரியாது. அதனால் காசல் விலைபோகாவிட்டாலும் வீட்டில் வேலை இருந்தது. வாங்கும் பக்கம் உட்கார்ந்திருந்தவர் ஸ்காட் பியோலி. ஒரு மாதம் முன்புவரை நியூ இங்கிலாந்தில் இருந்தவர், காசலை நன்றாகத் தெரிந்தவர். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிற மாதிரிதான். அப்படியும் கிடைத்தது என்ன? டிராஃப்டில் 34-ஆவது இடம், அவ்வளவே. அதற்கும் காசலோடு மைக் வ்ரேபல் என்ற அனுபவசாலியையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருந்தது.

கிரீன் பேயில் நிலைமை வேறு. ராட்ஜர்ஸுக்கு 28 வயது, அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். உடம்பில் ஒரு குறையும் இல்லை. டேக் போட்ட மறுநாளே ஃப்ளின் கையெழுத்துப் போட்டுவிட்டால்? 1.44 கோடியும் உறுதி. மார்ச்சில் புது ஆண்டுக் கணக்கு தொடங்கும்போது அந்தப் பாரம் முழுதும் பேக்கர்ஸ் தலையில் உட்காரும். அது ஊருக்கே தெரியும். அவசரத்தில் விற்கிறவனிடம் யார் நியாயமான விலை சொல்வார்கள்?

வாங்க வரக்கூடியவர்கள் இல்லாமல் இல்லை. பேக்கர்ஸின் பயிற்சியாளர்களில் ஒருவரான ஜோ ஃபில்பின் அப்போதுதான் மயாமிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போயிருந்தார். சியாட்டிலின் பொது மேலாளர் ஜான் ஷ்னைடரும் பழைய பேக்கர்ஸ் ஆள். ஆனால் அந்த மார்ச்சில் சந்தைக்கு இன்னொரு சரக்கு வந்தது: நட்சத்திர குவாட்டர்பேக் பேட்டன் மேனிங். இண்டியானாபோலிஸ் அவரை விடுவித்துவிட்டது. மேனிங் கதவைத் தட்டலாம் என்ற ஆசை இருக்கும்வரை ஃப்ளினுக்கு முன்பணம் கொடுக்க எவர் வருவார்?

இன்னொன்று. அந்த 480 யார்டைப் பிரித்துப் பாருங்கள். அதில் 80 யார்டு ஒரே எறிதல். கிட்டத்தில் நின்ற ரயன் கிராண்டிடம் ஃப்ளின் பந்தைத் தட்டிவிட்டார், மீதி தூரம் கிராண்ட் கால்கள் ஓடியது. ஏட்டில் மொத்தமும் ஃப்ளின் பெயரில். இதற்காக அவரை மட்டம் தட்டவில்லை, நன்றாகவே ஆடினார். ஆனால் நான்கு வருடத்தில் அவர் தொடங்கிய ஆட்டங்கள் மொத்தம் இரண்டு.

பொது மேலாளர் டெட் தாம்ப்சன் டேக் போடவில்லை. சரியான முடிவு என்பது என் கட்சி. சும்மா விட்டுவிட்டாரே என்று பலர் குறைபட்டார்கள். ஆனால் ஆளை இழந்த அணிக்கு அடுத்த ஆண்டு டிராஃப்டில் ஈட்டு இடம் தரும் விதி ஒன்று இருக்கிறது. பெரிய இடம் அல்ல, ஆனால் கையிலிருந்து ஒரு பைசா போகாது.

ஃப்ளின் சியாட்டிலுக்குப் போனார், 1 கோடி டாலர் உறுதியோடு. அங்கே மூன்றாம் சுற்றில் எடுத்த ரசல் வில்சன் என்ற புதுப் பையன் ஆகஸ்டிலேயே இடத்தைப் பிடித்துக்கொண்டார். ஃப்ளின் சியாட்டிலுக்காக ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கவில்லை. நடந்த பிறகு சொல்வது எளிதுதான், ஒப்புக்கொள்கிறேன். வில்சன் வருவார் என்று தாம்ப்சனுக்கு ஜோசியம் தெரியாது.

அப்புறம் ஓக்லண்ட், பஃபலோ என்று சுற்றினார். 2013 நவம்பரில் ராட்ஜர்ஸின் காறை எலும்பு உடைந்தபோது, பேக்கர்ஸ் ஃப்ளினைத் திரும்பக் கூப்பிட்டார்கள். டிசம்பர் 15, டாலஸ். பாதி ஆட்டத்தில் 26-3 என்று பின்தங்கியிருந்தார்கள். இரண்டாம் பாதியில் ஃப்ளின் நான்கு டச்டவுன் எறிந்தார். 37-36, பேக்கர்ஸ் வெற்றி.