ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி: மீரை மறுபடி கேட்க வைத்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டிருப்பவர் ஓர் இலக்கிய விமர்சகர். உருது மொழியில் எழுதியவர். பெயர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி. ஒரு கவிஞரைப் பற்றிப் பேசினால் நாலு கவிதை சொல்லலாம், விமர்சகரைப் பற்றி வானொலியில் அரை மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். ஃபாரூக்கி விஷயத்தில் நிறையவே இருக்கிறது. தங்கள் பழைய கவிதையைப் பார்த்து உருதுக்காரர்களே கூச்சப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கவிதையை அதன் சொந்த விதிகளின்படி படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அதற்காகத் தன் ஆயுளில் பெரும்பகுதியைக் கொடுத்தார்.

அவர் பிறந்தது 1935 செப்டம்பர் 30ஆம் தேதி, உத்தரப் பிரதேசத்துப் பிரதாப்கரில். குடும்பம் ஆஸம்கர் பக்கம். 1955இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தார். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உருதுவின் மிகப் பெரிய விமர்சகர் பட்டம் வாங்கியது உருதுவில் இல்லை. இரண்டு மூன்று வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் தேர்வு எழுதி, 1958இல் அஞ்சல் துறையில் அதிகாரியாகச் சேர்ந்துவிட்டார். 1994இல் ஓய்வு பெறும் வரை அங்கேதான் வேலை. பகலெல்லாம் கோப்பு, கூட்டம், இடமாற்ற உத்தரவு. மற்ற நேரத்தில் கவிதை. அந்த வருஷங்களில் எந்தப் பல்கலைக்கழகத்தின் உருதுத் துறையும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, எந்தத் துறைத் தலைவருக்கும் பயந்து ஒரு வரிகூட அவர் எழுத வேண்டியிருக்கவில்லை.

1966இல் அலகாபாத்திலிருந்து ஒரு மாத இதழ் தொடங்கினார். பெயர் ‘ஷப்கூன்’. இரவில் திடீரென்று நடத்தும் தாக்குதல் என்று பொருள். யாரைத் தாக்க? 1936இல் லக்னோ மாநாட்டில் பிரேம்சந்த் தலைமையில் தொடங்கிய முற்போக்கு எழுத்தாளர் சங்கம் அப்போது முப்பது வருஷமாக உருது இலக்கியத்தில் கோலோச்சிக்கொண்டிருந்தது. இலக்கியம் என்றால் சமூகத்துக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. செய்தியை வைத்துக் கவிதையை எடை போடாதே, கவிதை எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார் என்றது ஷப்கூன். அரசு ஊழியர் ஒருவர் நடத்திய அந்தப் பத்திரிகை 2005 வரை, கிட்டத்தட்ட 300 இதழ்கள் வந்தது. அதற்குப் பின்னால் நின்றவர் அவருடைய மனைவி ஜமீலா. அலகாபாத்தில் பெண்கள் பள்ளி நடத்தியவர். அவர் தோள் கொடுக்காவிட்டால் அந்தப் பத்திரிகை பத்து இதழைத் தாண்டியிருக்காது என்பது என் எண்ணம்.

முற்போக்காளர்கள் மேல் ஃபாரூக்கி அந்தக் காலத்தில் காட்டிய கடுமை கொஞ்சம் அதிகம்தான். ஷப்கூனில் வந்த குழப்பமான நவீனக் கதைகள் சிலவற்றை இன்றைக்கு யாரும் தேடிப் படிப்பதில்லை. ஆனால் நய்யர் மசூத் போன்ற ஒருவரின் கதைகள் வெளிவர அதே பத்திரிகைதான் இடம் கொடுத்தது. அந்த ஒன்றுக்கே அதற்கு நன்றி சொல்லலாம்.

சரி, உருதுக்காரர்கள் தங்கள் கவிதையைப் பார்த்து ஏன் கூச்சப்பட்டார்கள்? அதற்கு 1857க்குப் போக வேண்டும்.

அந்த வருஷத்துக் கிளர்ச்சிக்குப் பிறகு தில்லி நொறுங்கிப்போனது. முகமது ஹுசைன் ஆசாத் என்ற இளைஞரின் தகப்பனார் தில்லியில் பத்திரிகை நடத்தியவர். அவரை ஆங்கிலேயர் கொன்றார்கள். வீட்டைவிட்டு ஓடும்போது ஆசாத் கையில் எடுத்துக்கொண்டது தன் குரு ஸவுக்கின் கஸல்கள், அதாவது இரண்டிரண்டு வரிச் செய்யுள்களாக வரும் காதல் கவிதைகள், இருந்த மூட்டையை. அப்பேர்ப்பட்ட பிரியம். அதே ஆசாத் பிற்பாடு லாகூரில் ஆங்கிலேயரின் கல்வித் துறையில் வேலை பார்த்தார். 1880இல் ‘ஆப்-எ-ஹயாத்’ என்று உருதுக் கவிதையின் வரலாற்றை எழுதினார். பெருங்கவிஞர் காலிப்பின் சீடரான ஹாலி 1893இல் கவிதையைப் பற்றி ஒரு நீண்ட முன்னுரை எழுதினார். இருவரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்: நம் கவிதை தேய்ந்துவிட்டது, எப்போது பார்த்தாலும் அதே ரோஜா, அதே புல்புல் பறவை, அதே இரக்கமில்லாத காதலி; இனி ஆங்கிலக் கவிதைபோல இயற்கையை, உண்மை உணர்ச்சியை எளிமையாக எழுத வேண்டும். தோற்றுப்போன ஒரு தலைமுறையின் துக்கம் அது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அடுத்த நூறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படித்தது அந்தத் தீர்ப்பைத்தான்.

ஆங்கில இலக்கியத்தைக் கரைத்துக் குடித்த ஃபாரூக்கி இங்கேதான் குறுக்கே வந்து நின்றார். ஆங்கில விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸைப் படித்தவர், அரிஸ்டாட்டிலின் கவிதையியலை உருதுவில் மொழிபெயர்த்தவர். ஆங்கிலக் கவிதையின் அளவுகோல் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று அவருக்குத் தெரியும். கபடியைக் கால்பந்து விதியை வைத்து மதிப்பிட்டால் ஆடுகிறவர்கள் எல்லோருமே தப்பாட்டம்தான் ஆடுவார்கள். கஸலுக்கு நடந்தது அதுதான் என்றார்.

கஸலின் விதி என்ன? பழைய உருதுக் கவிஞனுக்குக் காதலியின் வில்புருவம், சிறைப்பட்ட பறவை, மது விடுதி எல்லாம் பொதுச் சொத்து. மஸ்மூன் என்று அதைச் சொல்வார்கள். எல்லோருக்கும் தெரிந்த மஸ்மூனை எடுத்து, இதுவரை யாரும் பார்க்காத ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டுவதில்தான் திறமை. கவிஞனின் சொந்தக் கதையை அதில் தேடுவது வீண் வேலை. கவிஞர்கள் கூடிக் கவிதை சொல்லும் சபையான முஷாயிராவில் எப்படி நடக்கும் என்று பாருங்கள். கவிஞர் முதல் வரியைச் சொல்வார். கூட்டம் ரசிக்கும். மறுபடி அதே வரியைச் சொல்வார். அடுத்து என்ன வரும் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் ஊகித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் வரி மெல்ல வரும். முடிச்சை அவிழ்க்கும் சொல் கடைசியில்தான் விழும். விழுந்ததும் ‘வாஹ்’ என்று சபை எழும்பும். இந்தக் கவிதை காதுக்கும் கூட்டத்துக்கும் செய்யப்பட்டது. ஒருவன் தனியாக அழுது எழுதிய நாட்குறிப்பாக அதைப் படித்தால் கையில் ஒன்றும் நிற்காது.

இந்தப் புரிதலோடு அவர் மீர் தகீ மீர் என்ற பழைய உருதுக் கவிஞரிடம் போனார். மீர் 1723இல் ஆக்ராவில் பிறந்து, தில்லியில் வாழ்ந்து, 1810இல் லக்னோவில் இறந்தவர். ஆறு திவான்கள், அதாவது ஆறு கவிதைத் தொகுதிகள். மீரைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. அவருடைய கவிதைக் குவியலில் தைக்கிற கத்திகள் 72 மட்டும்தான், மற்றதெல்லாம் சாதாரணம் என்பார்கள். மீர் என்றால் கண்ணீர், எளிமை, பாவப்பட்ட மனிதன் என்ற ஒரு படமும் நிலைத்துவிட்டது. ஆறு திவானையும் வரி விடாமல் படித்து, தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு செய்யுளுக்கும் உரை எழுதினார் ஃபாரூக்கி. 1990இலிருந்து 1994 வரை நாலு பெரிய பாகங்களாக வந்தது. தலைப்பை மீரிடமிருந்தே எடுத்தார்: ‘ஷேர்-எ-ஷோர்-அங்கேஸ்’, ஆரவாரம் கிளப்பும் கவிதை. ‘என் திவானில் எங்கே பார்த்தாலும் ஆரவாரம் கிளப்பும் ஒரு கவிதை வெளியே வரும், ஊழிக்காலத்துக் கூச்சல் எல்லாப் பக்கமும்’ என்று மீர் பாடியிருக்கிறார். 72 என்று எண்ணியவர்களுக்கு மீரே சொன்ன பதில்போல அது அமைந்துவிட்டது. அந்த உரைக்கு 1996இல் சரஸ்வதி சம்மான் விருது கிடைத்தது. சாகித்ய அகாதெமி விருது அதற்குப் பத்து வருஷம் முன்பே வேறொரு நூலுக்கு வந்திருந்தது. பத்மஸ்ரீ 2009இல்.

மீரின் ஒரே ஒரு செய்யுளை மட்டும் இப்போது நிதானமாகப் பார்ப்போம்.

‘லே ஸான்ஸ் பீ ஆஹிஸ்தா கி நாஸுக் ஹை பஹுத் காம்
ஆஃபாக் கி இஸ் கார்கஹ்-எ-ஷீஷாகரீ கா.’

மூச்சைக்கூட மெல்ல விடு, மிகவும் நாசூக்கான வேலை இது, உலகம் என்னும் இந்தக் கண்ணாடிப் பட்டறையின் வேலை. இவ்வளவுதான். முதலில் கேட்கும்போது ஒரு நல்ல புத்திமதிபோல இருக்கும். உலகம் உடையக்கூடியது, பார்த்து நட என்று. ஃபாரூக்கி கற்றுக்கொடுத்த மாதிரி கேள்வி கேட்டுக்கொண்டே போனால் இது திறக்கத் தொடங்கும். கண்ணாடிப் பாத்திரத்தை எப்படிச் செய்கிறார்கள்? குழாய் வழியாக மூச்சை ஊதி. அப்படியானால் இந்தப் பட்டறையில் ஆக்குவதும் மூச்சுதான், உடைப்பதும் மூச்சுதான். சரி, இதை யார் யாரிடம் சொல்கிறார்? வேடிக்கை பார்க்க வந்தவனிடமா, வேலை பழகும் பையனிடமா, தனக்குத்தானேவா? மூச்சு விடுகிற நாம் அங்கே தொழிலாளியா, இல்லை அலமாரியில் அடுக்கி வைத்த கண்ணாடியா? நாசூக்கானது என்பது பாத்திரத்தையா, அதைச் செய்யும் தொழிலையா? கவிதை எதற்கும் பதில் சொல்லவில்லை, எதையும் மறுக்கவும் இல்லை. அப்புறம் அந்த ஓசையைக் கேளுங்கள்: ஸான்ஸ், ஆஹிஸ்தா, நாஸுக், ஷீஷா. மெல்ல மூச்சு விட்டால்தான் இந்தச் சொற்களையே சொல்ல முடிகிறது. இரண்டே வரியில் இவ்வளவு வேலை நடக்கும்போது, இதை எழுதியவரை எளிமையான சோகக் கவிஞர் என்று எப்படி ஒதுக்குவது?

அதே மீர் குறும்பும் செய்வார். ‘நான் பேசினேன், இந்தக் குரல் அந்த நாசமாய்ப்போனவன் குரல் மாதிரி இருக்கிறதே என்றாள்’ என்று ஒரு செய்யுள். காதலியின் வாசலில் நிற்கிறவனுக்குக் கிடைக்கும் மரியாதை அது. ஆனாலும் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டாளே! அவனுக்கு அதுவே போதுமான சந்தோஷம். இந்தச் சிரிக்கிற மீரையும் ஃபாரூக்கிதான் நமக்கு எடுத்துக் காட்டினார்.

தெற்கே இருக்கிற நமக்கு அவரிடம் இன்னொரு கடன் உண்டு. ஆசாத்தின் வரலாற்றில் உருதுக் கவிதை என்றால் பெரும்பாலும் தில்லியும் லக்னோவும்தான். குஜராத்திலும் தக்காணத்திலும் அதற்கு முன் பல தலைமுறை எழுதியவர்கள் அதில் கண்ணில் படுவதில்லை. இந்துக் கவிஞர்களுக்கும் அநேகமாக இடம் இல்லை. தெற்கிலிருந்து வந்த வலீ என்ற கவிஞருக்கு ஷா குல்ஷன் என்ற தில்லிப் பெரியவர்தான் பாரசீக மஸ்மூன்களை எடுத்து எழுதச் சொல்லி வழிகாட்டினார் என்று ஒரு கதை நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருந்தது. ஃபாரூக்கி அதை ஏற்கவில்லை. வலீயின் திவான் 1720இல் தில்லிக்கு வந்த பிறகுதான் அந்த நகரத்துக் கவிஞர்கள் தங்கள் பேச்சு மொழியில் கவிதை எழுதவே துணிந்தார்கள். தெற்கத்தியானிடம் கற்றோம் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் கட்டிய கதை அது என்று எழுதினார். உருது ராணுவ முகாமில் பிறந்த கலவை மொழி என்ற பழைய பேச்சையும் ஆதாரங்களை அடுக்கி மறுத்தார். இதையெல்லாம் அவர் எழுதிய நூல் 2001இல் ஆங்கிலத்திலும் வந்தது. அதைப் படிக்கும்போது, பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப் காலத்தில் வாழ்ந்த வேலூர்க்காரர் பாகர் ஆகா நினைவுக்கு வருகிறார். தெற்கத்திய உருதுவான தக்கனி மொழியில் எழுதியவர். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் இன்றும் பேசப்படும் உருதுவுக்கு இவ்வளவு நீண்ட வேர் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்து அவர் கை வைத்தது தாஸ்தான்களில், அதாவது வாய்மொழியாகச் சொல்லும் நீண்ட கதைகளில். ராத்திரி ராத்திரியாகக் கதைசொல்லிகள் சொல்லிவந்த அமீர் ஹம்ஸாவின் வீரக்கதையை லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 46 பாகங்களாக அச்சிட்டது. ஒவ்வொன்றும் ஆயிரம் பக்கத்தை ஒட்டி வரும். மந்திரவாதிகள், மாய நகரங்கள், வேஷம் போட்டு ஏமாற்றும் அய்யார்கள். நாவல் படித்துப் பழகிய விமர்சகர்கள் இதைக் குழந்தைக் கதை என்று தள்ளிவிட்டார்கள். ஃபாரூக்கி 46 பாகத்தையும் தேடித் தேடிச் சேர்த்தார், முழுக்கப் படித்தார், பல பாகங்களில் ஆய்வு எழுதினார். சொல்வதற்காகப் பிறந்த கதையில் பாத்திர வளர்ச்சி எங்கே என்று கேட்காதே, சொல்கிறவன் கூட்டத்தை எப்படிக் கட்டிப்போடுகிறான் என்று பார் என்பது அவர் வாதம். கடைசித் தாஸ்தான்சொல்லி மீர் பாகர் அலி 1928இல் இறந்ததோடு அந்தக் கலை நின்றுபோயிருந்தது. ஃபாரூக்கியின் தூண்டுதலில் அவருடைய உறவினர் மஹ்மூத் ஃபாரூக்கி 2005இல் தில்லியில் அதை மறுபடி மேடையேற்றினார். இப்போது இளைஞர்கள் வெள்ளை உடையில் இருவராக உட்கார்ந்து தாஸ்தான் சொல்வதைப் பல ஊர்களில் கேட்கலாம். ஒரு விமர்சகரின் படிப்பு மேடைக்கலை ஒன்றுக்கு உயிர் கொடுத்த கதை வேறெங்கும் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

பழைய உலகத்தை உரையில் விளக்கியது போதாது என்று தோன்றியதோ என்னவோ, அறுபது வயதுக்குப் பிறகு கதை எழுத ஆரம்பித்தார். முதலில் ஷப்கூனிலேயே புனைபெயர்களில் எழுதினார். காலிப்பைப் பற்றிய ஒரு கதைக்குப் பேனி மாதவ் ருஸ்வா என்று பெயர் போட்டுக்கொண்டார். பிறகு 2006இல் அந்தப் பெரிய நாவல் வந்தது, ‘கயீ சாந்த் தே ஸர்-எ-ஆஸ்மான்’. கவிஞர் தாகின் தாயார் வஸீர் கானம்தான் கதாநாயகி. யாரோடு வாழ்வது என்பதைத் தானே தீர்மானித்த ஒரு பெண், 1857க்கு முந்தைய தில்லியில். அவள் வாழ்வில் வந்த நவாப் ஷம்சுத்தீன் அகமது கானை ஆங்கிலேயர் 1835இல் தூக்கிலிட்டார்கள். துணி, நகை, சமையல், கம்பள வேலை, ஓவியம், பேச்சில் மரியாதை என்று அந்தக் காலம் முழுவதும் அதில் இருக்கிறது. இலக்கியத்தில் சமூகம் வேண்டாம் என்றவர் என்று அவரைக் குற்றம் சொன்னவர்கள் இந்த நாவலைப் படிக்க வேண்டும்.

2020 டிசம்பர் 25ஆம் தேதி அலகாபாத்தில் ஃபாரூக்கி காலமானார். கொரோனா வந்து தேறிய உடம்பு, தாங்கவில்லை.

அவரைப் படிக்க உருது எழுத்து தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த நாவலை அவரே ஆங்கிலத்தில் எழுதி 2013இல் வெளியிட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஃபிரான்ஸஸ் பிரிட்செட், மீருக்கும் காலிப்புக்கும் ஃபாரூக்கி எழுதிய உரைகளை ஆங்கிலத்தில் செய்யுள் செய்யுளாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருக்கிறார். அங்கே போய் ஒரு நாளைக்கு ஒரே ஒரு செய்யுள் படியுங்கள். முதல் வரியை வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிவிட்டு, அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதற்கப்புறம் அதைப் படியுங்கள்.

நன்றி, வணக்கம்.