மீனாட்சி, உடனே வாசலுக்கு வரவும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் மதுரை மக்களுக்கும் வணக்கம். மணி நடுவர் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய தியேட்டர்கள் மறைந்ததால் ஊர் பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா? இழந்ததே அதிகம் என்று பேச வந்திருக்கிறேன். புள்ளிவிவரம் கொண்டுவந்தேன், சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பதில் சொல்லாமல் நான் வீட்டுக்குப் போக முடியாது.

என்ன சொன்னார்? "தங்கம் தியேட்டரை இடித்தபோது மதுரையில் அழுதது மூட்டைப்பூச்சி மட்டும்தான்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நன்றாகத்தான் தட்டினீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஐயா, மூட்டைப்பூச்சி கடித்தது உண்மை. இல்லை என்று யார் சொன்னது? தரை டிக்கெட்டில் கடித்தது, பெஞ்சில் கடித்தது, பால்கனியில் குஷன் சீட்டில் இன்னும் சௌகரியமாக உட்கார்ந்து கடித்தது. ஆனால் கடி வாங்கியவன் மறுநாள் என்ன செய்தான்? அதே படத்துக்கு, அதே வரிசையில் போய் நின்றான். ஒரு பூச்சியால் தடுக்க முடியாத ஆசை அது. கடித்ததும் பக்கத்து ஆளிடம் "அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க, உங்க பக்கம் ஓடிருச்சு" என்பான். அவர் எழுந்திருப்பார், தட்டிவிடுவார், "தம்பி எந்த ஊரு?" என்பார். இடைவேளையில் ரெண்டு பேரும் சேர்ந்து சோடா குடிப்பார்கள். இன்றைக்கு மாலில் மூட்டைப்பூச்சி கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். பக்கத்து சீட்டுக்காரரிடம் "தம்பி எந்த ஊரு?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, போனை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிரணித் தலைவர் வெளியூர்க்காரர். மதியம் வந்து இறங்கினார். எங்கே தங்கியிருக்கிறீர்கள் ஐயா என்று மரியாதையாகக் கேட்டேன். என்ன பதில் சொன்னார் தெரியுமா? "தங்கம் தியேட்டர் பக்கத்துல ஒரு லாட்ஜ்" என்றார்! (கைதட்டல் இப்போது தாராளமாக வரலாம்.) ஐயா, அங்கே தியேட்டர் எங்கே இருக்கிறது? மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் அந்த இடத்தில் நிற்பது பெரிய ஜவுளிக்கடை. எத்தனை மாடி, எத்தனை விளக்கு! அந்தக் கடைப் பெயரைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. ஆட்டோக்காரரும் தங்கம் என்றார், நீங்களும் தங்கம் என்றீர்கள். மூட்டைப்பூச்சி மட்டும்தான் அழுதது என்றால், அந்தப் பெயரை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது யார்?

சரி, தங்கத்துக்கே வருகிறேன். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர் அது. 2500 பேருக்கு மேல் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று நாம் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டோம். ஒரு காட்சி விட்டால் ஒரு கிராமமே தெருவுக்கு வந்த மாதிரி இருக்கும். அந்தக் கூட்டத்தை நம்பி சைக்கிள் ஸ்டாண்ட், சோடாக்கடை, முறுக்குக் கூடை, பாட்டுப் புத்தகம் விற்கிற பையன், ரிக்ஷாக்காரர் என்று எத்தனை அடுப்பு எரிந்தது! ரெண்டாவது ஆட்டம் விட்டு ராத்திரி ஒன்றரை மணிக்கு வருகிறவனுக்கு இட்லியும் கறிதோசையும் சூடாகக் கிடைக்கும். நம் ஊரைத் தூங்கா நகரம் என்கிறோமே, அந்தத் தூக்கத்தைக் கெடுத்ததில் ரெண்டாவது ஆட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி.

இப்போது ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் இந்தக் கதை சொல்லாமல் பந்தி முடியாது.

செல்போன் இல்லாத காலம். தியேட்டருக்குள் இருக்கிற ஆளுக்கு அவசரச் செய்தி சொல்ல வேண்டும் என்றால் ஒரே வழி ஸ்லைடு. சின்னக் கண்ணாடித் துண்டில் மசியைத் தடவிக் காய வைத்திருப்பார்கள். ஆபரேட்டர் அதில் ஒரு குச்சியால் கீறி எழுதுவார். புரொஜெக்டருக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்லைடு மிஷினில் செருகினால், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் ஓரத்தில் கோணல் மாணலாக எழுத்து வெள்ளை வெள்ளையாய்த் தெரியும். சிவாஜி அழுதுகொண்டிருப்பார். அவர் தோளுக்குப் பக்கத்தில் "அரிசிக்கடை அண்ணாச்சி வாசலுக்கு வரவும்" என்று இருக்கும்.

அன்றைக்கு எங்கள் சித்திக்குப் பிரசவ வலி. சிம்மக்கல்லில் அம்மாச்சி வீடு. எங்கள் அம்மா தங்கத்தில் மேட்னி ஷோ. "ஓடுடா, அக்காளைக் கூட்டிட்டு வா" என்று அம்மாச்சி மாமாவை விரட்ட, மாமா சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்று, மாட்டி, மறுபடி கழன்று, கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடி வந்து சேர்ந்தார். வாசலில் மேனேஜர் கேட்டார்: "யாரைக் கூப்பிடணும்?"

"எங்க அக்காவை."

"பேரு?"

"மீனாட்சி."

நடுவர் அவர்களே, சிரிக்காதீர்கள், கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. மதுரையில், மேட்னி ஷோவில், பெண்கள் பக்கத்தில், மீனாட்சி! மேனேஜரும் மனுஷன்தானே, "எந்த மீனாட்சிப்பா?" என்றார். பதற்றத்தில் மாமா, "எங்க அக்கா மீனாட்சி" என்றார். தெருப் பெயர் வாயில் வரவில்லை. சரி என்று ஆபரேட்டர் கீறிப் போட்டார்: "மீனாட்சி, வாசலில் தம்பி நிற்கிறார். உடனே வரவும்."

அவ்வளவுதான். மீனாட்சிக்கெல்லாம் தம்பி இருக்கிறான் ஐயா! முதல் வரிசையில் ஒரு மீனாட்சி எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்து, "அடி ஆத்தி, எனக்கா இருக்குமோ" என்று அடுத்த மீனாட்சி. தூணுக்குப் பின்னால் ஒருவர். இடுப்பில் பிள்ளையோடு ஒருவர். கையில் கடித்த முறுக்கோடு ஒருவர். பின்னால் இருந்தவர்களெல்லாம் "மறைக்குது, உக்காருங்கம்மா" என்று கத்த, "என் தம்பிக்கு என்னமோ ஆயிருச்சுங்க, நீங்க படத்தைப் பாருங்க" என்று அழுதுகொண்டே வரிசையாக வெளியே வந்தார்கள். வாசலில் நின்ற எங்கள் மாமாவை நினைத்துப் பாருங்கள். கதவைத் திறந்துகொண்டு வருகிற ஒவ்வொரு மீனாட்சியும் அவரை மேலும் கீழும் பார்த்து, "நீ இல்லையே, என் தம்பி எங்கடா?" என்கிறார்கள். மாமாவைப் பிடித்து உலுக்குகிறார்கள். "அக்கா, நான் உங்க தம்பி இல்லக்கா, எங்க அக்கா தம்பிக்கா" என்று அவர் அழாத குறை.

எத்தனை மீனாட்சி வந்தார்கள் என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை வழக்கு தீரவில்லை. மாமா சொன்னால் எட்டு. அம்மாச்சி சொன்னால் இருபது. அம்மாச்சி அன்று தியேட்டருக்கே வரவில்லை. ஆனாலும் இருபதுதான். பந்தியில் ரசம் வருவதற்குள் முப்பதாகிவிடும்.

இதில் விசேஷம் என்ன தெரியுமா? ஊரில் உள்ள மீனாட்சியெல்லாம் வெளியே நிற்கிறார்கள். எங்கள் அம்மா மட்டும் வரவில்லை! ஏன்? சிவாஜி அழுகிறார் இல்லையா, அம்மாவும் முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தார். ஸ்லைடையே பார்க்கவில்லை. அப்புறம் அந்த மீனாட்சிகளே உள்ளே போனார்கள். "சிம்மக்கல் மீனாட்சி யாரும்மா? தங்கச்சிக்கு வலி எடுத்திருச்சாம்" என்று வரிசை வரிசையாகக் கேட்டு, எங்கள் அம்மாவைக் கண்டுபிடித்து, முகத்தைத் துடைத்துவிட்டு, கையோடு அழைத்து வந்து மாமாவிடம் ஒப்படைத்தார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள். முடிக்கிறேன் ஐயா, இன்னும் கொஞ்சம்தான்.

எதிரணி அம்மையார் ஒருவர், அந்த நிலமெல்லாம் இப்போது நல்ல பயனுக்கு வந்துவிட்டது என்றார். மதுரைக்காரர்களிடமா சொல்கிறீர்கள்? ஸ்டேஷன் பக்கத்தில் விக்டோரியா எட்வர்டு மன்றம், பகலில் வாசகசாலை, சாயங்காலம் அதுவே ரீகல் தியேட்டர், இங்கிலீஷ் படம். ஒரே கட்டடத்தில் புத்தகத்தையும் படத்தையும் வைத்துப் பயன்படுத்திய ஊர் இது. 1937-இல் வந்த 'சிந்தாமணி' ஓடிய ஓட்டத்தில் கிடைத்த லாபத்தைக் கொண்டு, அந்தப் படத்தின் பெயரிலேயே ஒரு தியேட்டர் கட்டினார்கள். கீழவாசல் பக்கம் சிந்தாமணி. அதுவும் ஜவுளிக்குப் போனது. 1975-இல் மெட்ராஸில் டிவி வந்தது, 1993-இல் சன் டிவி வந்தது, வீட்டுக்கு வீடு படம் வந்தது, நடு ஊரில் மனை விலை ஏறியது. தியேட்டர் முதலாளிகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மேட்னிக்கு முப்பது பேரை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு எப்படி வெள்ளையடிப்பார்கள்?

ஆனால் நிலத்துக்குக் கிடைத்த பயனைக் கணக்கு போடுகிறவர்கள், அந்தப் பெண்கள் பக்கத்தையும் கணக்கில் சேருங்கள். நாலு சுவருக்குள் சமைத்துக் கொட்டிய எங்கள் அம்மாவுக்கு, புருஷனோ மாமியாரோ கூட வராமல் தானாகப் போய் உட்கார ஊரில் ரெண்டே இடம்தான். ஒன்று கோயில், இன்னொன்று மேட்னி. கோயிலில் மற்றவர்களுக்காக வேண்டிக்கொள்வார். தியேட்டரில்தான் தனக்காக அழுவார்.

அன்றைக்கு வெளியே வந்த மீனாட்சிகளில் செல்லூர்க்கார அம்மா ஒருவர். தறி வீட்டுப் பெண். பாதிப் படத்தை விட்டுவிட்டு, "நானும் ஏ.வி. பாலம் தாண்டித்தான் போகணும், வா, துணைக்கு வாரேன்" என்று எங்கள் அம்மாவோடு ரிக்ஷாவில் ஏறினார். சித்தியைச் சேர்த்திருந்த பெரியாஸ்பத்திரி வாசலோடு போய்விடவில்லை. ராத்திரி முழுக்க இருந்தார். வலியில் சித்தி பிடித்த பிடியில் அந்த அம்மாவின் கண்ணாடி வளையல் உடைந்து கை கிழிந்தது. விடியற்காலை பெண் குழந்தை. என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். காதுகுத்துக்கு அந்தச் செல்லூர்ப் பெரியம்மா சீரோடு வந்தார். அவர் கண்ணை மூடியபோது எங்கள் அம்மா மூன்று நாள் அவர்கள் வீட்டிலேயே இருந்தார். அவர்கள் வேறு, நாங்கள் வேறு. தெரு வேறு, தொழில் வேறு, சாதி வேறு. எங்கள் ரெண்டு குடும்பத்தையும் சேர்த்தது ஒரு தரை டிக்கெட். இன்றைக்கும் அவர்கள் வீட்டுப் பத்திரிகை முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது.

போன தீபாவளிக்கு அம்மாவை அந்த ஜவுளிக்கடைக்குக் கூட்டிப் போனேன். வயதாகிவிட்டது, கையைப் பிடித்துத்தான் நடக்கிறார். விற்பனைப் பிள்ளை சேலையை விரித்துப் போட்டுக்கொண்டே இருக்கிறது. அம்மா சேலையைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கிறார், வாசலைப் பார்க்கிறார். "பொம்பளைங்க பக்கம் எங்கிட்டுடா இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பிள்ளையிடமும் கேட்டார். அது, "இங்க தியேட்டர் இருந்துச்சா பாட்டி?" என்றது. அந்தப் பிள்ளை மேல் தப்பில்லை, அது பிறந்தபோது தங்கம் மூடியாயிற்று.

நடுவர் அவர்களே, கோயம்புத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கட்டிய வெரைட்டி ஹால் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது. சென்னையில் 1913-இல் எழுந்த எலக்ட்ரிக் தியேட்டர் அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது, அஞ்சல்தலைகளை வைத்திருக்கிறார்கள். தங்கத்தைத் திருப்பிக் கட்டித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில், அந்த வாசலில், படிக்கிற உயரத்தில் ஒரு கல் வையுங்கள். இங்கே தங்கம் தியேட்டர் இருந்தது, 1952-இல் திறந்தது என்று தமிழில் எழுதுங்கள். மாநகராட்சிக்கு மனு எழுதிக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். என் கையெழுத்தும் அம்மாவின் கையெழுத்தும் போட்டாயிற்று. மேடையை விட்டு இறங்கியதும் எதிரணித் தலைவரிடம்தான் முதலில் நீட்டப்போகிறேன். கூட்டத்தில் எத்தனை மீனாட்சி இருக்கிறீர்களோ, அத்தனை பேரும் வந்து போட்டுவிட்டுப் போங்கள்.

நன்றி. வணக்கம்.