பால் இயந்திரத்தில் பாய்ந்த மரக்கூழ்

நேயர்களுக்கு வணக்கம். பாலில் ஏடு தனியே மிதக்காமலிருக்கக் கொழுப்பை நுணுக்கும் ஹோமோஜெனைசர் என்ற இயந்திரம் ஒன்று உண்டு. 1970களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள ரேயோனியர் நிறுவன ஆய்வுக்கூடத்தில் டர்பாக், ஸ்னைடர், சான்ட்பெர்க் என்ற மூவர் அந்த இயந்திரத்துக்குள் மரக்கூழை விட்டுப் பார்த்தார்கள். மிகுந்த அழுத்தத்தில் மெல்லிய இடுக்கு வழியே திரும்பத் திரும்பப் பாய்ந்த கூழ், களிம்பு போல் கெட்டியாக வந்தது. அதுதான் மைக்ரோ ஃபைப்ரில்லேட்டட் செல்லுலோஸ். செல்லுலோஸ் என்பது தாவர நாரின் முக்கியப் பொருள். வாயில் நுழைய வேண்டுமே, நுண்ணிழை செல்லுலோஸ் என்றே சொல்கிறேன்.

தேங்காய்க் கயிற்றைப் பிரித்தால் புரி, புரியைப் பிரித்தால் நார் வரும் அல்லவா? மர நாரும் அப்படித்தான். சுமார் 30 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள நாருக்குள் சில பத்து நானோமீட்டர் தடிமனே உள்ள இழைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. பிரிந்த இழைகள் வலைபோல் பின்னித் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. 100 கிராமில் 2 கிராம்தான் செல்லுலோஸ், மிச்சமெல்லாம் தண்ணீர். ஆனாலும் களிம்பாக நிற்கும்! கலக்கினால் இளகும், விட்டால் மறுபடி இறுகும். பெயின்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? பிரஷ்ஷுக்கு இளகிக் கொடுக்கும், சுவரில் வழியாது. ஜப்பானில் மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் இதன் நெருங்கிய உறவான நானோ இழையை ஜெல் பேனா மைக்குள்ளேயே சேர்த்தது.

காகிதத்தில் சேர்த்தால் வலு கூடும். அதனால் நாரைக் குறைத்து மலிவான களிமண்ணையோ சுண்ணாம்புத் தூளையோ கூட்டலாம். மெல்லிய படலமாக்கினால் ஆக்சிஜனைத் தடுக்கும். ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் அந்தத் தடுப்பு தளர்ந்துவிடும்.

சரி, இவ்வளவு நல்ல பொருள் ஏன் பல காலம் கிடப்பில் கிடந்தது? முதலில் மின்சாரம். டன்னுக்கு 20,000 யூனிட்டுக்கு மேல்கூட ஆனது. நொதிகளால் நாரை முன்கூட்டியே இளக்கும் முறை வந்த பிறகு அது பல மடங்கு குறைந்தது. 2016இல் நார்வேயின் சார்ப்ஸ்போர்க்கில் போர்ரெகார்ட் நிறுவனம் தனித் தொழிற்சாலையே தொடங்கியது.

ஆனால் தண்ணீர்? 100 டன் அனுப்பினால் 98 டன் தண்ணீரை லாரியில் ஏற்றுகிறோம். உலர்த்தி அனுப்பலாமே என்பீர்கள். உலரும்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு ஊறவைத்தாலும் பழையபடி பிரியாது. அதனால் தண்ணீரைக் குறைத்து, செல்லுலோஸ் 10 சதவீதமுள்ள பசையாகவும் போர்ரெகார்ட் விற்கிறது. இன்னும் சிலர் காகித ஆலை வளாகத்திலேயே தயாரித்து, குழாய் வழியே நேராகக் கூழில் கலந்துவிடுகிறார்கள்.