காத்திருக்காத, எதிர்ல போ! ரோபோக்கள் மெசேஜ் கடத்துற கணக்கு

வணக்கம் மக்களே. 1860ல அமெரிக்காவுல போனி எக்ஸ்பிரஸ்னு ஒரு தபால் சர்வீஸ் ஓடுச்சு, மிசூரியில கெளம்பி கலிஃபோர்னியா வரைக்கும் கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர், குதிரைய மாத்தி ஆள மாத்தி ஏறக்குறைய பத்தே நாள்ல கடிதத்த கொண்டு சேத்தாங்க. அடுத்த ஆள் ஸ்டேஷன்ல ரெடியா காத்துட்டு இருப்பாரு. மெசேஜ கை மாத்தி கை மாத்தி கொண்டு போற ரோபோவும் அப்படித்தான் நின்னு காத்திருக்கணுமா?

[திரையில்: 100 மீட்டர் நேர்கோடு]

மெசேஜ் இடது முனையில மஞ்சள் ரோபோகிட்ட இருக்கு, வலது முனைக்குப் போய் சேரணும். மஞ்சளோட வேகம் நொடிக்கு 1 மீட்டர். அதுவே தூக்கிட்டுப் போனா 100 நொடி. 60வது மீட்டர்ல பச்ச ரோபோ, வேகம் 2. அது அங்கயே நின்னு வாங்குனா 60 பிளஸ் 20, மொத்தம் 80 நொடி. இப்ப பச்ச எதிர்ல ஓடி வருதுன்னு வைங்க, 20வது நொடியில 20வது மீட்டர்ல ரெண்டும் சந்திக்குது, மீதி 80 மீட்டர 40 நொடியில முடிச்சிடும், ஆக வெறும் 60 நொடி! பின்னாடி வந்தது வீண் மாதிரி தெரியும், ஆனா அதுலதான் 20 நொடி லாபமே.

[திரையில்: வலது முனையில சிவப்பு ரோபோ]

சிவப்போட வேகம் 4. இதுவும் எதிர்ல ஓடி வந்தா அதே 20வது நொடியில அதே இடத்துக்கு வந்துடுது, நேரா மஞ்சள்கிட்டயே வாங்கிட்டு 20 நொடியில போய் சேந்துடும். மொத்தம் 40. பச்ச தேவையே இல்ல! எனக்கு இந்தக் கணக்குல ரொம்பப் புடிச்ச இடம் இதுதான், எல்லாரும் கை கொடுத்தாதான் வேகம்னு கிடையாது, யார விடணும்னு கண்டுபிடிக்கிறதுதான் அல்காரிதத்தோட வேலை.

இன்னொன்னு, மெசேஜ் எப்பவும் மெதுவான ரோபோகிட்ட இருந்து வேகமானதுக்குத்தான் கை மாறணும், வேகமானது மெதுவானதுகிட்ட கொடுக்கிறதுக்கு பதிலா தானே கொண்டு போயிடலாமே.

நேர்கோட்ட விட்டு ரோடு நெட்வொர்க்குக்கு வந்தா, குறுக்கு வழி கண்டுபிடிக்கிற டைக்ஸ்ட்ரா அல்காரிதம் மாதிரியே எந்த எடத்துக்கு மெசேஜ் சீக்கிரமா எப்ப வரும்னு ஒவ்வொன்னா கணக்குப் போட்டுட்டே போகலாம், ஜங்ஷன்ல மட்டும் இல்லாம நடுரோட்டுலயும் கை மாறலாம்கிறத மட்டும் சேத்துக்கணும். ஒரே ஒரு மெசேஜ்னா கம்ப்யூட்டர் இத வேகமாவே தீத்துடும்.

ஆனா ஒவ்வொரு ரோபோவும் இவ்வளவு தூரம்தான் ஓட முடியும்னு பேட்டரி லிமிட் வச்சுப் பாருங்க, எந்த ரோபோ எந்த வரிசையில வரணும்னு முடிவு பண்றதே பெரிய சிக்கல் ஆயிடுது, அப்போ மெசேஜ் போய் சேருமா சேராதாங்கிற கேள்வி வெறும் நேர்கோட்டுலயே என்பி-ஹார்டுன்னு, அதாவது எல்லா கேஸுக்கும் வேகமா தீக்குற வழி யாருக்கும் தெரியாத கஷ்டமான வகைன்னு, 2014லயே நிரூபிச்சிட்டாங்க.