போர்வைக்குள்ள வெளிச்சம்: பசங்க தூக்கம் எங்க போகுது?

[காட்சி: காசிமேடு. இரவு 11:30. ஒரே ரூம் வீடு]

காசிமேட்டுல மீன் வாங்கி விக்கிற அம்மா. 2 மணிக்கெல்லாம் எழுந்து ஏலத்துக்குப் போகணும், அதனால ஒன்பதுக்கே படுத்தாச்சு. ஒன்பதாவது படிக்கிற பையன் பக்கத்துலயே படுத்திருக்கான். லைட்டை அணைச்சாச்சு. போர்வைக்குள்ள மட்டும் வெளிச்சம்.

போன் பசங்களைக் கெடுக்குதுன்னு எல்லாரும் சொல்றோம். கேம், ஆபாசம், ஆன்லைன் சண்டை, எல்லாம் உண்மைதான். ஆனா தினம் தினம், சத்தமே இல்லாம வீட்டுக்கு வீடு திருடு போறது தூக்கம்.

[காட்சி: மூளையின் வரைபடம்]

இருட்ட ஆரம்பிச்சா மூளையில மெலடோனின் சுரக்கும். தூங்கற நேரம்னு உடம்புக்குச் சொல்றது அதுதான். டீன் ஏஜ்ல அது இயல்பாவே லேட்டாத்தான் சுரக்கும். "பத்து மணிக்குத் தூக்கம் வரலம்மா"ன்னு பையன் சொன்னா, முழுக்க டபாய்க்கறான்னு நினைக்காதீங்க. அதுக்கு மேல மூஞ்சிக்கு நேரா ஸ்க்ரீன் வெளிச்சம் வேற. தூக்கம் இன்னும் தள்ளிப் போகும்.

வெளிச்சத்தை விட மோசம், ரீல்ஸுக்கு முடிவே கிடையாது. சீரியலாவது 'தொடரும்'னு போட்டு விட்டுடும். இங்க ஒன்பது வீடியோ சப்பையா இருக்கும், பத்தாவது சூப்பரா இருக்கும். அது எப்ப வரும்னு தெரியாததாலதான் விரல் நிக்காது. சூதாட்ட மெஷின் ஓடறதும் இதே கணக்குலதான். 'போதும், நிறுத்து'ன்னு சொல்ற மூளையோட முன்பகுதி முழுசா வளர்ந்து முடிய 25 வயசு கிட்ட ஆகும். 14 வயசுப் பையனைப் பார்த்து "உனக்கு கன்ட்ரோலே இல்லையா"ன்னு கேட்டா அவன் என்ன பதில் சொல்லுவான்?

13லேர்ந்து 18 வயசு வரைக்கும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேணும்னு அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி சொல்லுது. ஒரு மணிக்குத் தூங்கி, ஆறு மணிக்குத் தண்ணி லாரி வந்துடுச்சுன்னு குடத்தோட ஓடினா அஞ்சு மணி நேரம்தான். அன்னிக்கு கிளாஸ்ல கணக்கு ஏறாது. எதைக் கேட்டாலும் எரிஞ்சு விழுவான். நாம அதுக்குத் திமிர்னு பேர் வச்சுடுவோம்.

கண்ணும் இருக்கு. பகல் வெளிச்சத்துல வெளிய விளையாடற பசங்களுக்குக் கிட்டப்பார்வை வர்றது குறைவு. வியாசர்பாடி ஃபுட்பால் கிரவுண்டுக்கு அனுப்புங்க. (கேரம் கிளப் இந்தக் கணக்குல வராது, கோச்சுக்காதீங்க.)

[காட்சி: டிவி ஸ்டாண்டில் சார்ஜர்]

போனைப் பிடுங்கிட முடியாது, ஹோம்வொர்க்கே வாட்ஸ்அப்லதான் வருது. சார்ஜரைப் படுக்கைப் பக்கத்துலேர்ந்து கழட்டி, டிவி ஸ்டாண்ட் கிட்ட மாட்டுங்க. பத்து மணிக்கு எல்லா போனும் அங்க போகணும். அப்பா போனும்தான். அலாரத்துக்கு ஒரு டைம்பீஸ் வாங்கிடுங்க.

அப்படியும் தூங்கலையா? போனைப் பார்த்தாலே பதறுறானா, மறைக்கிறானா? யாராவது அவன் போட்டோவை வச்சு மிரட்டிட்டு இருக்கலாம். திட்டாதீங்க. வீட்டுல திட்டுவாங்கன்னு பையனுக்கு இருக்கற பயத்தை நம்பித்தான் மிரட்டறவன் மிரட்டறான். மெசேஜை அழிக்காம, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சு, சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க. பசங்க நேரடியாவே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசலாம், காசு கிடையாது.