கடைக்காரர் கையில் ஒரு பாயிண்ட்

நேயர்களுக்கு வணக்கம்.

மாடல் ரயில் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தார் அழைத்தபோது, எதைப் பேசுவது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. பிரித்தானியாவில் இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்கும் நம்மவர்கள் என்னைக் கண்டதும் கேட்பது இதைத்தான்: "அண்ணை, சாமானெல்லாம் ஒன்லைன்ல எடுக்கலாமோ, கடைக்குத்தான் போகவேணுமோ?" என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்டவாளத்தையும், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வைக்கும் பாயிண்டையும், ரயிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரையும் கடையில் வாங்குங்கள். இன்ஜினை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இந்த நாட்டில் பெரும்பாலானோர் வீட்டில் ஓடுவது ஓஓ கேஜ் ரயில். அசல் ரயிலில் ஓர் அடி என்பது இதில் 4 மில்லிமீட்டர். அதாவது ஏறத்தாழ 76-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்குப்படி இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 18.83 மி.மீ. இருக்க வேண்டும். ஆனால் ஓஓ ஓடுவதோ 16.5 மி.மீ. பாதையில். அது 87-இல் ஒரு பங்கான எச்ஓ அளவுக்கு உரிய அகலம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்த எச்ஓதான் வழக்கம். பிரித்தானிய இன்ஜின்கள் உடல் ஒடுங்கியவை. அந்தக் காலத்து மோட்டார் எச்ஓ அளவு உடலுக்குள் அடங்கவில்லை. அதனால் உடலைக் கொஞ்சம் பெருக்கினார்கள், பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். லிவர்பூலில் ஃபிராங்க் ஹோர்ன்பி தொடங்கிய நிறுவனம் 1938-இல் ஹோர்ன்பி டப்ளோவைக் கொண்டுவந்தபோது இந்த அளவு வீடுகளுக்குள் வேரூன்றியது. இன்றுவரை மாறவில்லை.

இந்தப் பழங்கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஓஓ என்ற இரண்டு எழுத்துக்குள் பல பத்தாண்டுகளின் சாமான்கள் அடைந்து கிடக்கின்றன. பெட்டியின் மேல் எல்லாவற்றிலும் ஓஓ என்றுதான் அச்சிட்டிருக்கும். ஆனால் எல்லாம் எல்லாவற்றோடும் சேராது. புதியவர்களின் பணம் வீணாவது இங்கேதான்.

தண்டவாளத்தையே எடுத்துக்கொள்வோம். பீக்கோ என்றொரு நிறுவனம், 1946-இல் தொடங்கியது, டெவன் கரையோரத்தில் பீர் என்ற சிற்றூரில் இருக்கிறது. எந்த மாடல் ரயில் கடைக்குப் போனாலும் அவர்களுடைய தண்டவாளத்தைப் பார்க்கலாம். அதில் செட்ட்ராக் ஒரு வகை, ஸ்ட்ரீம்லைன் இன்னொரு வகை. செட்ட்ராக் பாயிண்டில் பாதை 22.5 பாகையில் பிரியும். ஸ்ட்ரீம்லைனில் 12 பாகைதான். பக்கத்துப் பக்கத்துப் பாதைகளுக்கு நடுவே செட்ட்ராக்கில் 67 மி.மீ. இடைவெளி, ஸ்ட்ரீம்லைனில் ஏறத்தாழ 51. இணையத்தில் இரண்டும் அடுத்தடுத்த படங்களாக வரும், கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். விலை குறைந்ததில் ஒன்று, கையிருப்பு உள்ளதில் ஒன்று என்று வாங்கிவிட்டால், ஒரு பாதையிலிருந்து அடுத்த பாதைக்குத் தாவும் இடத்தில் கோணம் பொருந்தாமல் பாதைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடும்.

அடுத்து தண்டவாளத்தின் உயரம். கோட் 100 என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நூறு பங்கு உயரம், அதாவது இரண்டரை மி.மீ. கோட் 75 அதைவிடத் தாழ்ந்தது, பார்க்க அசல்போல இருக்கும். அழகுக்காகக் கோட் 75 வாங்கி, அதன்மேல் பெரியப்பா காலத்து ட்ரையாங் நிறுவன ரயில் பெட்டியை ஓடவிட்டால், ஆழமான சக்கர விளிம்பு தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பிடிகளில் இடித்துக் கடகடவென்று குதிக்கும். புது இன்ஜின் மட்டும் ஓட்டப்போகிறவருக்கு இந்தச் சிக்கல் வராது. ஆக, எந்தத் தண்டவாளம் வேண்டும் என்பதற்குப் பதில், உங்கள் வீட்டு அலுமாரியில் என்ன ரயில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை உங்களிடம் கேட்கக்கூடியவர் கடைக்காரர்தான்.

பாயிண்டுக்குள் இன்னொரு விஷயமும் உண்டு. இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் மூக்குப் பகுதியை ஃபிராக் என்போம். இன்சுல்ஃபிராக் என்ற வகையில் அது வெறும் பிளாஸ்டிக், மின்சாரம் இல்லை. சிறிய நான்கு சக்கர இன்ஜின் மெதுவாக அதைக் கடக்கும்போது நின்றுவிடும். எலக்ட்ரோஃபிராக் என்ற வகையில் மூக்கிலும் மின்சாரம் உண்டு, ஆனால் சரியான இடத்தில் பிளாஸ்டிக் இணைப்பு போட்டுப் பாதையைத் துண்டிக்காவிட்டால் ஷார்ட் ஆகும். இப்போது யூனிஃபிராக் என்று இரண்டு விதமாகவும் பயன்படுத்தக்கூடியது வருகிறது. புதிதாக வாங்குகிறவர்களுக்கு அதையே சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை கடையொன்றில் கண்டதைச் சொல்கிறேன். ஒரு தகப்பனும் பத்து வயது மதிக்கத்தக்க மகளும் பிளாஸ்டிக் பையோடு வந்தார்கள். பைக்குள் இணையத்தில் வாங்கிய பாயிண்ட் ஒன்று. பாயிண்ட் பழுது, அதில் ஏறும்போதெல்லாம் பெட்டி தடம் புரள்கிறது, இனி இங்கேயே புதிது வாங்கப்போகிறோம் என்றார் தகப்பன். கடைக்காரர் பாயிண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாதையை மாற்றும் அதன் நாக்குகளை இப்படியும் அப்படியும் தள்ளினார். பிறகு, பெட்டியைக் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். மகள் சட்டைப் பையிலிருந்து ஒரு சரக்குப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் மேசை இழுப்பறையிலிருந்து சிறு பித்தளைக் கட்டை ஒன்றை எடுத்தார். அகலம் 14.5 மி.மீ. அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு நடுவே அந்தக் கட்டை இறுகாமல் நுழைய வேண்டும். முன் அச்சில் நுழைந்தது. பின் அச்சில் நுழையவில்லை. சக்கரங்கள் உள்வாங்கியிருந்தன. சக்கரங்களை இரண்டு கை விரல்களாலும் பிடித்து மெல்ல முறுக்கிக்கொண்டே வெளியே இழுத்தார், மறுபடி கட்டையை வைத்துப் பார்த்தார், இன்னும் ஒரு மயிரிழை இழுத்தார். பிறகு கடையின் சோதனைப் பாதைத் துண்டில் அவர்களுடைய பாயிண்டையே பொருத்தி, பெட்டியை மகள் கையில் கொடுத்துத் தள்ளச் சொன்னார். பெட்டி துள்ளாமல் கடந்தது. அவள் மறுபடி மறுபடி தள்ளிப் பார்த்தாள்.

கடைக்காரர் புதிய பாயிண்ட் எதையும் விற்கவில்லை. தகப்பன் பித்தளைக் கட்டையில் ஒன்றும், தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட் ஒரு பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு போனார். இணையக் கடையாக இருந்தால் பாயிண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறொன்று அனுப்பியிருப்பார்கள், அவர்கள் முறைப்படி அது நேர்மையான செயல்தான். ஆனால் புதிய பாயிண்டிலும் அந்தப் பெட்டி தடம் புரண்டிருக்கும்.

இனி இணையத்தின் பக்கம் வருகிறேன். அதற்கு உரிய மதிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. இன்றைக்குப் புது இன்ஜின்கள் பெரும்பாலும் சீனத் தொழிற்சாலைகளில் தொகுதி தொகுதியாகத்தான் தயாராகின்றன. நிறுவனம் முன்கூட்டியே அறிவிக்கும், முன்பதிவு எடுக்கும், அந்தத் தொகுதி விற்றுத் தீர்ந்தால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. அக்யூராஸ்கேல் போன்ற புதிய நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே நேரடியாக விற்கின்றன. நீங்கள் ஆசைப்படும் இன்ஜின் வகை, ஆசைப்படும் நிறம், ஆசைப்படும் எண் வேண்டுமென்றால் இணையத்தில் முன்பதிவு செய்வதுதான் நம்பகமான வழி. 150 பவுண்ட், 200 பவுண்ட் என்று விலை ஏறிவிட்ட இன்ஜினில் 10 சதவீதத் தள்ளுபடி கிடைத்தால் அது ஒரு வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை. ஸ்கொட்லாந்தின் வடக்கில், அருகில் கடையே இல்லாத ஊரில் இருப்பவருக்கு இணையம் இல்லாமல் இந்தப் பொழுதுபோக்கே இல்லை. பழைய இன்ஜினுக்கு ஒரு பற்சக்கரம், ஒரு மோட்டார் பிரஷ் தேடுகிறவருக்கும் அப்படித்தான்.

இன்ஜின் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டிஜிட்டல் முறையில், அதாவது டிசிசியில் ஓட்டப்போகிறீர்கள் என்றால், "டிசிசி ரெடி" என்று போட்டிருக்கும் இன்ஜினுக்குள் டீகோடர், அதாவது கன்ட்ரோலர் அனுப்பும் கட்டளையை வாங்கி இன்ஜினை இயக்கும் சிறு மின்னணுப் பலகை, இருக்காது, அதைச் செருகும் இடம் மட்டுமே இருக்கும். அந்த இடம் 8 ஊசி (pin) வகையாக இருக்கலாம், 21 ஊசி வகையாக இருக்கலாம், 6 ஊசி, நெக்ஸ்ட்18 என்றும் உண்டு. சத்தம் எழுப்பும் டீகோடர் 100 பவுண்டைத் தாண்டுவதும் உண்டு. இன்ஜினின் விவரக் குறிப்பை வாசித்து, எந்த வகை என்பதைத் தாளில் எழுதிவைத்த பிறகே டீகோடருக்குப் பணம் கட்டுங்கள்.

சட்டமும் இணையத்தில் வாங்குகிறவருக்குத் துணை நிற்கிறது. 2013-ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, இந்நாட்டு வணிகரிடம் இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாளுக்குள், காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று அறிவிக்கலாம். திருப்பி அனுப்பும் செலவு பெரும்பாலும் உங்களுடையது. கடைக்கு நேரில் போய் வாங்கிய பொருளுக்கு, மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை சட்டத்தில் இல்லை; கடைக்காரர் விரும்பினால் எடுத்துக்கொள்வார். பொருளில் பழுது இருந்தால் கதை வேறு: 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, எங்கே வாங்கினாலும் 30 நாளுக்குள் மறுத்துப் பணத்தை முழுதாகக் கேட்கலாம். ஆகவே இன்ஜின் வந்த அன்றே பிரித்து ஓட்டிப் பாருங்கள். பிறந்தநாளுக்கென்று இரண்டு மாதம் அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் பிறகு திறக்கிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

ஏலத் தளங்களில் தனியாட்களிடம் வாங்கும் பழைய சாமானுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பழைய உலோக இன்ஜின்களில் துத்தநாகக் கலவையாலான அடிச்சட்டம் உள்ளுக்குள் உளுத்துப்போவது உண்டு. வார்க்கும்போது கலவையில் ஈயம் போன்ற மாசு சேர்ந்திருந்தால் பல ஆண்டுகளுக்குப் பிறகு உலோகம் வீங்கும், மயிரிழையாக வெடிக்கும், கடைசியில் பிஸ்கட்டாக உதிரும். போருக்கு முந்திய ஹோர்ன்பி டப்ளோவில் இது பெயர்போன நோய். படத்தில் பளபளவென்றிருக்கும். கையில் எடுத்துக் கவிழ்த்து, அடிச்சட்டத்தின் ஓரம் நேராக இருக்கிறதா, இலேசாக வளைந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். பழைய சாமானைக் கடையிலோ கண்காட்சியிலோ கையால் தொட்டு வாங்குங்கள் என்று சொல்வது அதனால்தான்.

கடைகளின் நிலைமையையும் சொல்ல வேண்டும், என் மனதை வருத்துவது அதுதான். பெருந்தெருக்களில் கிளைகள் வைத்திருந்த மாடல்சோன் 2013-இல் மூடப்பட்டது. இணையம் வந்ததால் கடை போயிற்று என்று பலர் அதோடு முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஹாட்டன்ஸைப் பாருங்கள். 1946-இல் லிவர்பூலில் சிறு கடையாகத் தொடங்கி, தபால் வியாபாரத்தில் வளர்ந்து, பிறகு இணையத்தில் இந்நாட்டின் மிகப் பெரிய மாடல் ரயில் விற்பனையாளர்களில் ஒன்றாக நின்ற நிறுவனம். 2024 ஜனவரியில் அதுவும் கடையை மூடுவதாக அறிவித்தது. ஆக, இணையத்தில் இருந்தாலே பிழைத்துவிடலாம் என்பதும் உண்மையில்லை. நிறுவனங்களே நேரடியாக விற்கத் தொடங்கிவிட்டன, வாங்குகிறவர்களின் வீட்டுச் செலவும் ஏறிவிட்டது. இடையில் நிற்கும் எல்லோருக்குமே நெருக்கடி.

சிறு கடை எதை விற்றுப் பிழைக்கிறது தெரியுமா? இன்ஜினில் கிடைக்கும் இலாபம் குறைவு. ஃபிஷ்பிளேட், வயர், பெயின்ட், பசை, ஜல்லித் தூள், மரம் செடி, பழைய சாமான் இவைதான் வாடகையைக் கட்டுகின்றன. உங்களுக்கும் இவற்றைக் கடையில் வாங்குவதே இலாபம். இரண்டு பவுண்ட் சாமானுக்கு நாலு பவுண்ட் அஞ்சல் செலவு எதற்கு? வேண்டியபடி வளைத்துப் போடும் ஒரு கெஜ நீள ஃப்ளெக்ஸி ட்ராக்கை அஞ்சலில் வரவழைத்தால் கோணலாக மடிந்து வர வாய்ப்புண்டு. எளிதில் தீப்பற்றும் ஸ்பிரே, கரைப்பான் போன்றவற்றை அஞ்சலில் அனுப்பக் கட்டுப்பாடுகளும் உண்டு.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கடைக்காரரை அரை மணி நேரம் நிற்கவைத்து எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வாசலில் நின்று கைபேசியில் ஐந்து பவுண்ட் குறைவாக அதே பொருளை வாங்காதீர்கள். அந்த ஐந்து பவுண்ட் அவருடைய அரை மணி நேரத்தின் கூலி. வேறிடத்தில் மலிவாக இருப்பதைப் பார்த்தால் அவரிடமே சொல்லுங்கள். அவரால் விலையைக் குறைக்க முடியலாம், முடியாமலும் போகலாம். கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கடைக்குப் போகுமுன் அறையை அளந்து, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் எங்கே என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். வீட்டில் பழைய ரயில் இருந்தால் ஒரு பெட்டியையாவது கையோடு கொண்டுபோங்கள். சில கடைகள் வாரத்தில் சில நாள்தான் திறக்கின்றன, முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. காலையிலேயே போனால் கூட்டம் குறைவாக இருக்கும், கடைக்காரருக்கும் உங்களோடு ஆறுதலாகப் பேச நேரம் கிடைக்கும்.

நன்றி, வணக்கம்.